ஆன்டோனியாவின் புல்வெளி: வாசிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 4

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதரின் 'மை ஆன்டோனியா' நாவலை இன்று தொடங்கினேன். வெளிவந்த ஆண்டு 1918. பெற்றோரை இழந்த பத்து வயது ஜிம், வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காப் புல்வெளியில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் வந்து சேர்கிறான். அவன் வந்த ரயிலிலேயே பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புறப்பட்ட ஷிமெர்டா குடும்பமும், அக்குடும்பத்தின் மகளும் அவனைவிட நான்கு வயது மூத்தவளுமான ஆன்டோனியாவும் வந்து இறங்குகிறார்கள். கேதரும் தம் ஒன்பதாம் வயதில், 1883-இல், வர்ஜீனியாவிலிருந்து அந்தப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தவர்தாம். வேலியும் மரமும் இல்லாத அந்த வெளியைக் கண்ட குழந்தையின் திகைப்பு எழுத்தில் அப்படியே தங்கியிருக்கிறது.

ஜனவரி 7

ஷிமெர்டாக்கள் தங்கள் நாட்டவன் ஒருவனை நம்பி, அதிக விலைக்கு நிலம் வாங்கி, மண்ணைக் குடைந்த பொந்து வீட்டில் பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள். உணவு கொண்டுவந்த ஜிம்மின் பாட்டிக்கு, பட்டினி கிடக்கும் அந்தத் தாய் பதிலுக்கு ஒரு கோப்பை அளவு பழுப்புச் சீவல்களைத் துணியில் முடிந்து கொடுக்கிறாள். அது இன்னதென்று தெரியாமல் பாட்டி அடுப்பில் எறிந்துவிடுகிறார். பொஹீமியக் காட்டில் பொறுக்கி உலர்த்திய காளான் அது என்று பல ஆண்டுகள் கழித்தே ஜிம்முக்குப் புரிகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஜனவரி 9

ஆன்டோனியாவின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். தம் நாட்டில் பிடில் வாசித்தவர், அமெரிக்காவில் அதைத் தொடவே இல்லை. குளித்து, சுத்தமான சட்டை அணிந்து, மகள்களை முத்தமிட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போனவர், அங்கே மேலங்கியை ஆணியில் மாட்டி, கழற்றிய பூட்ஸைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார் என்று கேதர் எழுதும்போது, எந்த அழுகையையும்விட அந்தத் தந்தையின் ஒழுங்குதான் நெஞ்சை அறுக்கிறது. இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டு, நிலத்தின் மூலையில் புதைக்கிறார்கள். பின்னாளில் போடப்பட்ட சாலைகள் அந்தக் கல்லறையின் மேல் ஏறாமல் வளைந்து செல்கின்றன. அறுக்கப்படாத செம்புல் அங்கே உயர்ந்து நிற்கிறது.

ஜனவரி 13

மணப்பதாகச் சொல்லி அழைத்துப் போனவன் கைவிட, கருவுற்றுத் திரும்பிய ஆன்டோனியாவின் துயரத்தை அவள் வாயால் கேட்க முடியவில்லையே என்று முதலில் வருந்தினேன். பக்கத்து வீட்டு விதவைதான் அதை ஜிம்மிடம் சொல்கிறார். ஆண்களின் மேலங்கியும் பூட்ஸும் அணிந்து மாடு மேய்த்தவள், பனி கொட்டிய ஒரு மாலையில் மாடுகளை வீடு சேர்த்தபின், யாரையும் கூப்பிடாமல் தன் அறையில் பிள்ளை பெற்றாள். அந்தக் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கி, பொன் சட்டமிட்டு, ஊரார் பார்க்கும்படி புகைப்படக் கடையில் வைக்கச் செய்தவளும் அவளே. இதற்கு மேல் அவள் பேச வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஜனவரி 14

முடித்துவிட்டேன். ஜிம்மும் அவளும் மணந்துகொள்ளவில்லை. ஆயினும் அவனுடைய வாழ்வில் அவளுக்கு நிகராக வேறு யாரும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அவன் தேடிப் போகும்போது, பற்கள் பல விழுந்து, முகம் கறுத்து, குழந்தைகள் சூழ நிற்கிறாள். அவளுடைய நிலவறையில் கண்ணாடிச் சாடிகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளேயுள்ள செர்ரிப் பழங்களின் வடிவத்தைச் சின்னப் பிள்ளைகள் விரல் நுனியால் கண்ணாடிமேல் வரைந்து விருந்தாளிக்குக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் நூலை மடியில் வைத்துவிட்டு, அடுப்பில் கருகிய அந்த ஒரு கோப்பைக் காளானுக்குத் திரும்பிப் போய், அதை மறுபடி படித்தேன்.