ஐந்து விநாடிக்கு முன்பே வந்த சத்தம்

2012 செப்டம்பரில் ஆராய்ச்சி மாணவனாகப் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போனேன். வாடகைக்கு அகப்பட்ட அறை அந்தாஸ் பகுதியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஓடுகளுக்கு மேலே போர்ட்டோ அணியின் டிராகாவ் கால்பந்து அரங்கத்தின் கூரை தெரியும். நடந்தால் ஆறு நிமிடம். வீட்டுக்காரம்மா அறையைக் காட்டும்போது சமையலறை, வெந்நீர், குளிர்காலக் கம்பளி என்று எல்லாவற்றையும் சொன்னார். அரங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே கோல் விழுந்தால் என் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பது முதல் ஆட்டத்தன்றுதான் தெரிந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு காபிக் கடை. சிறிய கோப்பையில் தரும் கறுப்புக் காபியை லிஸ்பனில் ‘பிக்கா’ என்பார்கள். போர்ட்டோவின் பழைய ஆட்களுக்கு அது ‘சிம்பாலினோ’. முதல் வாரம் நான் புத்தகத்தில் படித்த சொல்லைச் சொல்லிக் கேட்டபோது, கடைக்காரர் காபியைக் கொடுத்துவிட்டு, ஊர்ச் சொல்லை இரண்டு முறை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். அறுபதை நெருங்கியவர். நான் பொறியியல் படிப்பவன் என்று தெரிந்த நாளிலிருந்து ‘செஞ்ஞோர் எஞ்ஜெனேய்ரு’ என்றுதான் அழைப்பார். அங்கே அது வழக்கம். படிப்பைச் சேர்த்து அழைத்தால்தான் மரியாதை.

கடைச் சுவரில் போர்ட்டோ அணியின் நீலமும் வெள்ளையுமான கழுத்துத் துண்டு தொங்கியது. மேசைகளில் போர்ட்டோவிலிருந்து வரும் விளையாட்டு நாளிதழ் ‘ஓ ஜோகு’ கிடக்கும். லிஸ்பனிலிருந்து வரும் ‘ஆ போலா’ கல்லாப்பெட்டிக்கு அடியில், நான்காக மடித்து, யார் கண்ணிலும் படாமல் இருக்கும். கடைக்காரர் உள்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் போர்ட்டோவின் பரம எதிரியான லிஸ்பன் அணி பென்ஃபிகாதான் குலதெய்வம். அப்பா கும்பிட்ட சாமியை மகன் மாற்ற முடியாது. போர்ட்டோ அரங்கத்தின் நிழலில் கடை வைத்துப் பிழைக்கும் பென்ஃபிகாக்காரர் அவர். நான் எந்தப் பக்கத்தையும் சேராத வெளிநாட்டுக்காரன் என்பதால் அந்த மடித்த பத்திரிகையை ஒருநாள் என்னிடம் காட்டினார்.

அது கெட்ட காலம். உணவகங்களுக்கான மதிப்புக் கூட்டு வரியை அந்த ஆண்டு தொடக்கத்தில் 13 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து நாடே தெருவில் இறங்கியது. போர்ட்டோவில் அலியாதோஸ் அவென்யூ மனிதத் தலைகளால் நிரம்பியிருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்புதான், செப்டம்பர் 3 அன்று, ரஷ்யாவின் ஜெனித் அணி போர்ட்டோவிலிருந்து ஹல்க் என்ற ஆட்டக்காரரையும் பென்ஃபிகாவிலிருந்து விட்செலையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போயிருந்தது. ஆளுக்குச் சுமார் 4 கோடி யூரோ. காபிக்கு ஐந்து சென்ட் கூட்டலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் அந்தத் தொகையை உரக்கப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

இப்போது அந்தச் சத்தத்தைப் பற்றி. அரங்கத்தில் நடப்பது கேபிள் வழியாகக் கடைத் தொலைக்காட்சிக்கு வந்து சேர ஐந்து விநாடி போல ஆகும். ஆனால் அரங்கத்தின் சத்தம் திறந்த கதவு வழியாக நேராக வந்துவிடும். அங்கே உட்கார்ந்து முதன்முதலாக ஆட்டம் பார்த்தபோது குழம்பிப்போனேன். திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. வெளியே ஆயிரக்கணக்கான பேர் கத்துகிறார்கள். கடையில் இருந்தவர்களுக்கு இது பழக்கம். சத்தம் கேட்டதும் கோப்பையைக் கீழே வைப்பார்கள், யார் அடிக்கப்போகிறார் என்று நிதானமாகத் திரையைப் பார்ப்பார்கள், பந்து வலைக்குள் போனதும் அப்போதுதான் தெரிந்ததுபோல எழுந்து கத்துவார்கள். எதிரணி கோல் அடித்தால் மட்டும் வெளியிலிருந்து எதுவும் வராது.

போர்ச்சுகல் லீகில் அப்போது பதினாறு அணிகள், முப்பது சுற்றுகள். முதல் சுற்றிலேயே போர்ட்டோ கில் விசென்ட்டேவிடம் 0-0 என்று சமன் செய்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பெரிய அணிகளும் கண்டவர்களையெல்லாம் வென்றுகொண்டே போயின. மூன்றாவது பெரியண்ணன் ஸ்போர்ட்டிங் அந்த ஆண்டு நான்கு பயிற்சியாளர்களை மாற்றி ஏழாவது இடத்தில் முடிந்தது. அதன் வரலாற்றிலேயே மோசமான இடம் அது. ஹல்க் போன பிறகு போர்ட்டோவின் தாக்குதலைக் கொலம்பியர்கள் தாங்கினார்கள்: ஜாக்சன் மார்ட்டினெஸ், ஹாமெஸ் ரோட்ரிகெஸ். ஜாக்சன் தன் முதல் பருவத்திலேயே லீகில் 26 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். விட்செல் போன இடத்தில் பென்ஃபிகா நிறுத்திய நெமான்யா மாட்டிச் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்தார்.

ஜனவரி 13 அன்று லிஸ்பனில் இரண்டும் மோதின. முதல் பதினேழு நிமிடங்களில் நான்கு கோல். மங்காலா அடித்தார், இரண்டே நிமிடத்தில் மாட்டிச் பதிலடி கொடுத்தார், ஜாக்சன் அடித்தார், கைத்தான் சமன் செய்தார். பிறகு எழுபது நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே விழவில்லை. மாட்டிச்சின் கோலை நான் இன்றுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வந்த பந்து தரையைத் தொடுமுன் இடது காலை வீசினார். அவ்வளவு உயரமான மனிதரின் உடம்பு அந்த ஒரு கணம் வில்லாக வளைந்தது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் அதற்கு இரண்டாம் இடம் கிடைத்தது. கடைக்காரர் அன்று கத்தவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி வலது கையால் நெஞ்சை ஒருமுறை தட்டிக்கொண்டார்.

விட்டோர் பெரெய்ராவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போர்ட்டோவின் பயிற்சியாளர். யூரோப்பா லீக் கோப்பையையும் உள்நாட்டு லீகையும் ஒரே ஆண்டில் வென்றுகொடுத்த வில்லாஸ்-போவாஸுக்கு உதவியாளராக இருந்து, அவர் செல்சிக்குப் போனதும் பொறுப்புக்கு வந்தவர். ஊர் அவரை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளவே இல்லை. பந்தைத் தன் வசமே வைத்துக்கொண்டு பொறுமையாக நகர்த்தும் ஆட்டம் அவருடையது. அதைச் சலிப்பு என்றார்கள். பிப்ரவரியில் ஓல்யானென்சேவோடு சொந்த மண்ணில் 1-1, மார்ச்சில் ஸ்போர்ட்டிங்கோடு 0-0, அதன் பின் மலாகாவில் தோற்றுச் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றம், சில நாளில் மரித்திமோவோடு 1-1. அந்த வாரங்களில் கடைக்குள் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சொற்களை எழுத மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு பருவங்கள், அறுபது லீக் ஆட்டங்கள், ஒரே ஒரு தோல்வி. இந்தப் பருவத்தில் அதுவும் இல்லை: 24 வெற்றி, 6 சமன், வாங்கிய கோல் 14. சலித்தவர்கள் சலிக்கட்டும். தோற்கவேண்டிய நாளில் தோற்காமல் ஒரு புள்ளியோடு வீடு திரும்பும் அணியைக் கட்டுவது பெரிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜனவரியில் பென்ஃபிகாவோடு கிடைத்த அந்தச் சமன் தோல்வியாகியிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

மே மாதத் தொடக்கத்தில் பென்ஃபிகா நான்கு புள்ளி முன்னிலையில் இருந்தது. மூன்று சுற்று மிச்சம். யூரோப்பா லீக் இறுதிக்கும் போர்ச்சுகல் கோப்பை இறுதிக்கும் தகுதி பெற்றாயிற்று. மூன்று கோப்பைகள் என்ற பேச்சு ஊரெங்கும். மே 4, சனிக்கிழமை, போர்ட்டோ மதெய்ராத் தீவில் நசியொனாலை 3-1 என்று வென்று இடைவெளியை ஒரு புள்ளியாக்கியது. மே 6, திங்கள் இரவு, பென்ஃபிகாவுக்கு எஸ்டோரிலோடு ஆட்டம். அந்தப் பருவத்தில்தான் முதல் பிரிவுக்கு ஏறி வந்திருந்த சின்ன அணி எஸ்டோரில். பயிற்சியாளர் இளைஞர் மார்க்கோ சில்வா.

அன்று கடைக்குப் போனால் ‘ஆ போலா’ கல்லாவின் மேலேயே விரிந்து கிடந்தது. எட்டு மாதத்தில் முதல் முறை. இரண்டாம் பாதியில் எஸ்டோரில் முதலில் அடித்தது. மக்ஸி பெரெய்ரா சமன் செய்தார். அதற்குப் பிறகு பென்ஃபிகா முட்டி முட்டிப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. 1-1. ஆட்டம் முடிந்ததும் தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. கடைக்காரர் பத்திரிகையை எடுத்தார். பாதியாக மடித்தார், கையால் நீவினார், மறுபடி பாதியாக மடித்தார். கல்லாப்பெட்டியைச் சற்றுத் தூக்கி அடியில் வைத்தார். இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் மே 11 பற்றியே பேசுகிறார்கள். பட்டம் கைநழுவத் தொடங்கியது அந்தத் திங்கட்கிழமைதான்.

மே 11, சனிக்கிழமை. பென்ஃபிகா 74 புள்ளி, போர்ட்டோ 72. டிராகாவில் சமன் செய்தாலே பென்ஃபிகாவின் முன்னிலை அப்படியே இருக்கும். கடையில் நிற்க இடமில்லை. 19-ஆவது நிமிடம், வெளியே ஒரு சத்தமும் இல்லாமல், திரையில் லிமா அடித்த பந்து வலைக்குள் போனது. அரங்கம் ஐந்து விநாடிக்கு முன்பே வாயடைத்துப் போயிருந்ததை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. ஏழு நிமிடத்தில் மக்ஸி பெரெய்ராவின் சுயகோலில் 1-1. எஸ்டோரிலுக்கு எதிராகக் காப்பாற்றியவரும் அவர்தான். பிறகு நேரம் நகர்ந்தது. பென்ஃபிகாவின் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ் எல்லைக் கோட்டருகே நடந்துகொண்டே இருந்தார். விட்டோர் பெரெய்ரா கடைசியாகக் கையில் இருந்தவர்களை இறக்கினார்: 35 வயது லியெட்சன், 19 வயது கெல்வின், இருவரும் பிரேசில்காரர்கள். லியெட்சன் பல ஆண்டு ஸ்போர்ட்டிங்கின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். போர்ட்டோவில் அந்தச் சில மாதங்களில் அவர் ஆடிய நிமிடங்கள் மிகக் குறைவு. கெல்வின் ஏப்ரலில் பிராகாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் இரண்டு கோல் அடித்திருந்தார்.

தொண்ணூறு நிமிடம் கடந்தது. கடைக்காரர் ஒரு கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கோப்பை எப்போதோ காய்ந்துவிட்டது; கை மட்டும் நிற்கவில்லை.

அப்போது வந்தது சத்தம். அதுவரை கேட்டதுபோல இல்லை. கதவுக் கண்ணாடி, அலமாரிப் பாட்டில்கள், என் மேசையில் இருந்த ஸ்பூன் எல்லாம் சேர்ந்து நடுங்கின. திரையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. லியெட்சனிடம் பந்து இன்னும் வந்து சேரக்கூட இல்லை.

கடைக்காரர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். துணியைத் தோளில் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் காபி இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால், திரையில், லியெட்சன் பந்தைக் கெல்வினிடம் தள்ளினார். கெல்வின் இடது பக்கத்திலிருந்து குறுக்காக அடித்தார். கோல்கீப்பர் ஆர்த்தூர் பாய்ந்தார். பந்து தூரத்துக் கம்பத்தையொட்டி உள்ளே போனது. 92-ஆவது நிமிடம். ஜோர்ஜ் ஜெசுஸ் புல்லில் மண்டியிட்டார். கடை வெடித்தது. நானும் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பவே இல்லை.

அந்தக் கோலுக்கென்று கிளப்பின் அருங்காட்சியகத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கெல்வினுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மே 19, போர்ட்டோ பாசோஸ் டி ஃபெரைராவில் 2-0 என்று வென்று 78 புள்ளியோடு பட்டத்தை உறுதிசெய்தது. பென்ஃபிகா 77. பாசோஸ் பற்றித் தனியாகவே எழுதலாம்: மேசை நாற்காலி செய்யும் தச்சுப் பட்டறைகளுக்குப் பேர்போன சிற்றூர், பாவ்லோ ஃபொன்செக்கா பயிற்சியில், பிராகாவையும் ஸ்போர்ட்டிங்கையும் பின்னுக்குத் தள்ளி மூன்றாம் இடம். அந்த வேலைக்குப் பரிசாக ஃபொன்செக்காவைப் போர்ட்டோ எடுத்துக்கொண்டது. தோற்காமல் பட்டம் வென்ற விட்டோர் பெரெய்ரா சவூதிக்குப் போனார். மே 26 அன்று கோப்பை இறுதியிலும் பென்ஃபிகா முதலில் அடித்து, பத்து நிமிடம் மிச்சமிருந்தபோது அடுத்தடுத்து இரண்டு வாங்கி, விட்டோரியா கிமராய்ன்ஸிடம் தோற்றது.

நான் எழுத நினைத்தது இவற்றுக்கு நடுவே வந்த புதன்கிழமை பற்றி. மே 15, ஆம்ஸ்டர்டாமில் செல்சியோடு யூரோப்பா லீக் இறுதி. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அன்று வரவில்லை. நான் போனேன். அவர் கேட்காமலே ஒரு சிம்பாலினோ வைத்தார். டோரெஸ் அடித்தார், கர்தோசோ பெனால்டியில் சமன் செய்தார். பென்ஃபிகா அன்று நன்றாக ஆடியது. கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து, பருவத்தில் முதல் முறையாக, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்தது. கூடுதல் நிமிடங்களில் செல்சிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. வெளியே தெரு அமைதியாக இருந்தது. அவர் கதவைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமின் சத்தம் எங்கள் கதவு வழியாக வராது. இவானோவிச் எழும்பித் தலையால் முட்டியதையும், பந்து வளைந்து இறங்கியதையும், அவர் முழுவதுமாகப் பார்த்தார்.