சாறு மட்டும் இருந்த குழி

96 குழிகள் கொண்ட பிளேட். ஒரு பக்கமாக சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தையும் மறுபக்கமாகச் செடிச்சாற்றையும் பாதிபாதியாக நீர்த்துக்கொண்டே போய், குழிதோறும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை விடுவோம். மறுநாள் காலையில் ரெசாசுரின் சாயம். நீலமாகவே நின்றால் கிருமி வளரவில்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கிறது. சாறு கிருமியைக் கொல்ல வேண்டும் என்பதில்லை, மருந்தின் தேவையைக் குறைத்துக் கொடுத்தால் போதும்.

இந்தக் கிருமியிடம் நார்-ஏ என்றொரு பம்பு உண்டு. உள்ளே நுழைந்த மருந்தை அது வெளியே இறைத்துவிடும். மிளகின் பைப்பரின், சர்ப்பகந்தாவின் ரெசர்பின் இரண்டும் அந்தப் பம்பை அடைக்கக்கூடியவை. ரெசர்பினோ, அடைக்கத் தேவைப்படும் அளவில் மனிதருக்கே நஞ்சு. அதனால்தான் புதிய செடிகளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

என் முதல் சாறு அத்தனை குழிகளிலும் சிவந்தது. 'பயனில்லை' என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். சில வாரம் கழித்து வேறொரு வேலைக்காக அதே சாற்றை எடுத்தேன். கிருமியே போடாத குழியும் சிவந்து நின்றது! சாற்றிலிருந்த ஏதோ ஒன்று சாயத்தைத் தானே மாற்றியிருக்கிறது. சாறு மட்டும் உள்ள குழி ஒன்றை முதல் பிளேட்டில் நான் வைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. பழைய சோதனையை மறுபடி செய்து, சாயத்தை நம்பாமல் குழிக்கு ஒரு சொட்டாக, கிருமி வளர்க்கும் கூழான அகாரில் வைத்தேன். மருந்து தனியாகத் தேவைப்படும் அளவில் கால்வாசியாகக் குறைந்த இடத்திலும் கிருமிக் கூட்டம் (காலனி) எதுவும் முளைக்கவில்லை. பாதியாகக் குறைந்திருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். நீர்த்தலில் ஒரு படி முன்பின் ஆவது இந்தச் சோதனையில் சகஜம்.

அப்புறம், எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பார்க்கச் சாற்றைப் பிரித்தோம். ஆறு பகுதிகள், ஒன்றிலும் பழைய வேகம் இல்லை. வேலை வீண் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு பெர்பெரிஸ் செடிகளின் கதை நினைவுக்கு வந்தது. அவற்றின் பெர்பெரின் கிருமியைத் தடுக்கக்கூடிய பொருள், ஆனால் கிருமி அதை இறைத்துத் தள்ளிவிடும். அதே செடி இன்னொரு பொருளையும் செய்து பம்பை அடைக்கிறது. அந்த இரண்டாவது பொருளுக்குத் தனியாகக் கிருமியைத் தடுக்கும் திறன் கிடையாது. 2000இல் வெளியான ஆய்வு அது. பகுதிகளை இரண்டிரண்டாகக் கலந்து பார்த்தேன். மூன்றாவதும் ஐந்தாவதும் சேர்ந்தபோது வேகம் ஓரளவு திரும்பியது. முழுதாக இல்லை, ஏனென்று இன்னும் பிடிபடவில்லை.

இப்போது புதியவர்கள் பிளேட்டைக் கொண்டுவந்து காட்டும்போது, சாறு மட்டும் உள்ள குழி எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.