எனக்கு ஒண்ணும் செய்யலியே

"எம்மா, கை ஒடிஞ்சிரப் போவுது."

பிரஷர் பார்க்கக் கையில் கட்டிய பட்டையில் காற்று ஏற ஏற ஆச்சி நர்ஸிடம் பேசிக்கொண்டே இருந்தாள், வாயில் வெற்றிலையோடு.

172/100.

டாக்டர் அதைக் குறிக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். (ஆச்சிக்கு அதைவிட ஊசியே தேவலை.) மறுபடி பார்த்தால் 156/94. பேச்சும் தொங்கும் காலும் பிரஷரை ஏற்றிக் காட்டும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

இந்த முறை ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் வைத்தார். பட்டை இறுகியதும் சத்தமே இல்லை. ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. காற்றை மெல்ல விட்டதும் 'டொக்... டொக்...' முதல் டொக்தான் மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். 1905இல் கொரட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன முறை.

"எனக்கு ஒண்ணும் செய்யலியே டாக்டரய்யா."

அதுதான் வம்பே. ஒன்றும் செய்யாமலே ரத்தக் குழாய் விறைத்துப்போகும், தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்துப்போகும். நம்ம ஊரிலோ 'ஒண்ணும் செய்யல' என்றால் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை.

பாளையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள்.

"மேல உள்ளது இதயம் அமுக்கையில. கீழ உள்ளது?"

"அது ஓய்வா இருக்கையில, ஆச்சி."

"ஓய்வுலயே இம்புட்டா! என்னைய மாதிரிதான் போல."

வண்ணார்பேட்டையில் ஒரு கருவாட்டுக் கூடை ஏறியது. ஆச்சி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.