புங்க மரத்தடி வகுப்பு

பெங்களூர் அல்சூரில் நம் பள்ளியில் படித்த யாரும் வாசல் புங்க மரத்தை மறந்திருக்க மாட்டார்கள். பங்குனியில் பழைய இலை கொட்டிப் பளபளவென்று தளிர்விடும். அப்புறம் பூ. காலையில் மணி அடிக்கும் முன்பே தரையெல்லாம் பொரி இறைத்தாற்போல் கிடக்கும். சங்கப் புலவர்களும் புன்கம்பூவைப் பொரி என்றுதான் பாடினார்கள் என்பார் தமிழ் ஐயா. பக்கத்துத் தெருக் கன்னடப் பிள்ளைகளுக்கு அது ஹொங்கே.

ஒன்பதாம் வகுப்பில், 1987 மார்ச் கடைசியில், அறிவியல் மிஸ் எங்களை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு தாழ்ந்த கிளை, அரை மணி நேரம். "பூவுக்கு எது வருது, வந்து என்ன செய்யுது, ரெண்டையும் எழுதணும்."

கொசுத்தேனீ, எறும்பு, ஒரு வண்ணத்துப்பூச்சி என்று எழுதி, எல்லாவற்றுக்கும் நேராக 'மகரந்தச் சேர்க்கை' என்று போட்டுவிட்டேன். மிஸ் படித்துவிட்டு, அப்போதுதான் விரிந்த பூ ஒன்றைப் பறித்து என் கையில் வைத்தார். பார்த்தால் அவரைப்பூ மாதிரியேதான். மேலே கொடியல்லி என்கிற பெரிய இதழ், இரு பக்கமும் சிறகு, அடியில் மூடிய படகு. பத்து மகரந்தத் தாள்களும் சூலகமும் அந்தப் படகுக்குள்ளே.

"பென்சிலால் படகை அழுத்து."

அழுத்தினேன். உள்ளே இருந்ததெல்லாம் படக்கென்று துள்ளி வெளியே வந்தது. பென்சில் முனையில் மகரந்தத் தூள்.

"சரி, இந்த அழுத்தத்தை யார் கொடுக்கிறாங்கன்னு போய்ப் பாரு."

கருவண்டு கொடுத்தது. கட்டைவிரல் பருமன், வெயிலில் ஊதா மின்னும் சிறகு. அது உட்கார்ந்ததும் கொத்தே தாழ்ந்து ஆடியது. தேனுக்காகத் தலையை உள்ளே நுழைத்தபோது படகு திறந்து, மகரந்தம் அதன் அடிவயிற்றில் அப்பிக்கொண்டது. உடனே அடுத்த பூ. கொசுத்தேனீக்கு அந்தப் பாரம் ஏது? வண்டு திறந்துவிட்டுப் போன பூவில் மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தது. எறும்பு தேனைக் குடித்ததோடு சரி. நோட்டில் மூன்று வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

வண்டு போன திசையிலேயே போனால் சைக்கிள் கொட்டகை. கூரை மூங்கிலில் விரல் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டைகள். அதுதான் அதன் வீடு. அந்த ஓட்டைகளில் களிமண் அடைப்பது எங்கள் வழக்கமான விளையாட்டு. மிஸ் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஈர்க்குச்சி கொடுத்து ஒவ்வொன்றையும் நோண்டி எடுக்கவைத்தார்.

போன ஏப்ரலில் பெங்களூர் போயிருந்தேன். மரம் அப்படியே இருக்கிறது. கொட்டகைக்குத் தகரம் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன், ஒரே ஒரு கருவண்டு வந்தது. நம் பழைய மாணவர் சங்கம் இந்த ஆண்டு கொட்டகையைப் புதுப்பிக்கப் பணம் திரட்டுகிறது அல்லவா? தகரத்துக்கு அடியில் மழை படாத பக்கமாகக் காய்ந்த மூங்கில் பத்துத் துண்டு கட்டிவிடச் சொல்லுங்கள். அந்தச் செலவு என்னுடையது.