கருப்பட்டியும் கேப்பைக் கூழும் பண்ண வேலை

மாசமா இருந்தப்போ 26வது வாரத்துல 75 கிராம் குளூக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சுப் பாத்ததுல எனக்கு சுகர் 158. 140ஐத் தொட்டாலே கர்ப்பகால சுகர்தான். ஆஸ்பத்திரில சாப்பாட்டு சீட்டுன்னு ஒரு பேப்பர் கொடுத்தாங்க, அதுல முட்டை வெள்ளைக்கரு, மீன், ஓட்ஸ், பிரவுன் பிரட். நாங்க சைவம், முட்டையும் சேக்க மாட்டோம்னு சொன்னா "அப்போ பாத்து சாப்பிடுங்க"ன்னுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாச்சு. அம்பாசமுத்திரம் வந்து இறங்குற வரைக்கும் பஸ்ல அழுதுக்கிட்டேதான் வந்தேன்.

ரெண்டு வாரம் சாப்பாட்டுல பாப்போம், அடங்கலன்னா இன்சுலின்னு சொல்லியிருந்தாங்க. அத்தை பாசத்துலதான் செஞ்சாவ, சீனியை நிறுத்திட்டு காப்பில கருப்பட்டி, காலைல இட்லிக்குப் பதிலா கேப்பைக் கூழு. "ஏட்டி, கருப்பட்டி என்ன சீனியா"ன்னு ஆச்சியும் சொன்னாவ, நானும் நம்பிட்டேன். சுகர் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க பாளையங்கோட்டைக்குப் போனா, சாப்பிட்டு கரெக்டா 2 மணி நேரம் ஆகும்போது லேப்ல ஆளே இல்ல, சாப்பிடப் போயாச்சாம், முக்கா மணி நேரம் கழிச்சு வந்து எடுத்தாங்க, அந்த ரிசல்ட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரு நாள் பொழுதும் போச்சு, வயித்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுதான் மிச்சம்.

அன்னைக்கே குளூக்கோமீட்டர் வாங்கிட்டேன். முதல் வாய் வச்ச நேரத்துல இருந்து 2 மணி நேரம் கணக்கு, 120க்குக் கீழ இருக்கணும். கூழும் கருப்பட்டிக் காப்பியும் குடிச்ச அன்னைக்கு 171! கருப்பட்டியும் சர்க்கரைதான், தயவுசெஞ்சு நம்பி ஏமாறாதீங்க. கேப்பையும் மாவாக் கரைச்சுக் குடிச்சா சட்டுனு ஏத்திடுது. அதே கேப்பைல முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் போட்டு ஒரே ஒரு அடை, கூட ஒரு கிண்ணம் அவிச்ச சிறுபயறு சாப்பிட்டா 116தான்.

அதுக்கப்புறம்தான் தைரியம் வந்துச்சு. நம்ம உளுந்தம்பருப்புச் சோத்துல அரிசியைப் பாதியாக்கி கருப்பு உளுந்தைக் கூட்டி எள்ளுத் துவையலோட சாப்பிட்டேன். சொதில உருளைக்கிழங்கை எடுத்துட்டு பீன்ஸும் முருங்கைக்காயும் நிறைய, தேங்காப்பால் கொஞ்சம் கம்மி. முதல்ல ஒரு கிண்ணம் காயைத் தின்னு முடிச்சிட்டுதான் சோத்துல கை வைப்பேன், அதுவும் ஒரு கரண்டி. அதுக்காக சோத்தை அடியோட விட்டுட்டு பட்டினி கிடக்காதீங்க, பிள்ளைக்கு ஆகாது.

இன்னொண்ணு, ஒரு நாள் 214 காட்டுச்சு, கையெல்லாம் நடுங்கிருச்சு. அப்புறம் பாத்தா அத்தைக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த விரலு அது. சோப்புப் போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சிட்டுப் பாத்தா 117.

பகல் சுகர் இப்படி அடங்கிடுச்சு, வெறும்வயித்து சுகர் மட்டும் 95க்குக் கீழ இறங்கவே இல்ல. ராத்திரி கொஞ்சம் இன்சுலின் போட வேண்டியதாப் போச்சு. போட்டேன், அதுல ஒரு தப்பும் இல்ல.

பிள்ளை நல்லபடியாப் பொறந்தான். 6 வாரம் கழிச்சு மறுபடி அந்தக் குளூக்கோஸ் டெஸ்ட் எடுக்கணும், எனக்கு யாரும் ஞாபகப்படுத்தல, நானே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். 112 வந்துச்சு. சீட்டை முதல்ல அத்தைகிட்டதான் காட்டுனேன்.