பாக்கெட் ஹோல் ஸ்க்ரூ வாங்குறதுக்கு முன்னாடி உங்க மரத்த பாருங்க

தமிழ்நாடு-கேரளா எல்லையில நம்ம களியக்காவிளை, பாறசாலை பக்கம் இப்போ கிச்சன் கப்போர்டு, டிவி யூனிட்டுன்னு வீட்டுலயே செஞ்சு பாக்குற பசங்க நெறைய ஆயிட்டாங்க, பாக்கவே சந்தோசமா இருக்கு. எல்லாருமே மொதல்ல பாக்கெட் ஹோல் ஜிக், அதாவது ரெண்டு பலகைய ஸ்க்ரூ போட்டு சேக்க சாய்வா தொளை போட வழி காட்டுற கருவி, அத வாங்குறாங்க, அதுக்கு ஆயிரம் ரிவ்யூ பாக்குறாங்க, ஆனா ஸ்க்ரூன்னு வந்தா கடையில கைக்கு கெடச்சத அள்ளிட்டு வந்துடுறாங்க. எனக்கு இதுலதான் வருத்தம். ஜாயிண்ட பிடிச்சு வெக்கிறது ஜிக் இல்ல, ஸ்க்ரூ.

மொதல்ல தலைய பாருங்க, நீளமெல்லாம் அப்புறம். ஜிக்குல 15 டிகிரி சாய்வா தொளை போடும்போது அந்த ட்ரில் பிட் ஒரே தடிமனா இருக்காது, மேல ஒம்பதரை எம்எம், முனையில ஸ்க்ரூவுக்கு வழி விட மெலிசா ஒரு பைலட் தொளை, ரெண்டுக்கும் நடுவுல தட்டையா ஒரு படி விழும். ஸ்க்ரூவோட தலை உக்காரப் போறது அந்த படி மேலதான். தலையோட அடிப்பக்கம் தட்டையா, வாஷர் வெச்ச மாதிரி அகலமா இருந்தா இழுக்குற பலம் படி முழுக்க பரவி பலகைய அப்படியே சேத்து அமுக்கும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கருப்பு ஸ்க்ரூவுக்கு தலை அடியில சரிவா எறங்கும், அத இங்க போட்டு முறுக்கினா வெறகுக்குள்ள ஆப்பு எறங்குற மாதிரி மரத்த ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டு போகும், பலகை ஓரத்துல மெலிசா கீறல் விழும். அந்த கருப்பு ஸ்க்ரூ ரொம்ப கடினமா இருக்கும், ஆனா வளையத் தெரியாது, பாரம் பக்கவாட்டுல வந்தா டக்குனு ஒடியும்.

எங்க தெருவுல ஒரு ஆசாரி அண்ணாச்சி இருக்காரு, அயனி மரத்துல கதவு செய்யிறதுல பெரிய கைக்காரரு, அவரு ஒரு நாள் என் ஸ்க்ரூ டப்பாவ பாத்துட்டு, "எதுக்கு மக்கா இம்புட்டு வெல குடுத்து வாங்குற, கருப்பு ஸ்க்ரூ போட்டா பிடிக்காதா?"ன்னு கேட்டாரு. "பிடிக்கும் அண்ணாச்சி, ஆனா அது தலை மரத்த பொளக்குமே, இத முறுக்கி பாருங்க"ன்னு ரெண்டையும் துண்டுப் பலகையில போட்டு காமிச்சேன். அவரு கீறல வெரலால தடவிப் பாத்துட்டு, "கொள்ளாம்டே, இது வேற சாதனம்தான்"னாரு. மரத்த தெரிஞ்சவங்களுக்கு வெளக்கமே தேவையில்ல.

அடுத்தது மரை. இங்கதான் நம்ம ஊரு மரத்த வெச்சு யோசிக்கணும், ஏன்னா வெளிநாட்டு வீடியோவுல பைன், ஓக், மேப்பிள்னு சொல்லுவாங்க, நம்மகிட்ட இருக்குறது தேக்கு, அயனி, பிலா, மகாகனி, ரப்பர். ப்ளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு, அப்புறம் பைன் மாதிரி மெதுவான, அதாவது கடினம் இல்லாத மரம், இதுக்கெல்லாம் அகல மரை வேணும், அதாவது கோர்ஸ் த்ரெட், மரை ஆழமா இருக்கறதால மெதுவான நார நல்லா கவ்விக்கும். தேக்கு, அயனி மாதிரி கடின மரத்துக்கு நெருக்க மரை, ஃபைன் த்ரெட். கடின மரத்துல அகல மரைய போட்டா உள்ள போக எடமில்லாம மரத்த வெடிக்க வைக்கும், இல்ல ஸ்க்ரூ கழுத்து முறியும். ரப்பர் மரத்துல கொஞ்சம் யோசிப்பாங்க, பால் வத்துன மரம்தானே மெதுவாதான இருக்கும்னு, அப்படி இல்ல, நல்லா காஞ்ச ரப்பர் பலகை கிட்டத்தட்ட தேக்கு கனம் வரும், அதனால முழு மரமா இருந்தா நான் நெருக்க மரைதான் போடுவேன். கேரளாவுல பெரும்பாவூர்ல செய்யிற ப்ளைவுட்டுக்குள்ள ரப்பர் மரம் நெறைய சேர்ப்பாங்க, இருந்தாலும் அது ஒட்டுன அடுக்கு, அங்க அகல மரைதான்.

நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, 12 எம்எம் பலகைன்னா 25 எம்எம் ஸ்க்ரூ, 18ஓ 19ஓ இருந்தா 32, 38 எம்எம் சட்டம்னா 64. ஆறு நூல் பலகைன்னு நாம சொல்ற முக்கா இஞ்சுக்கு 32தான். சேக்குற ரெண்டு பலகையும் வேற வேற கனமா இருந்தா மெலிசானத வெச்சு நீளம் எடுங்க. ஆனா பில்லுல 18ன்னு போட்டிருக்குற ப்ளை எப்பவும் 18 இருக்காது, கனம் அளக்குற வெர்னியர் வெச்சு பாருங்க, 17க்கு பக்கத்துல வந்தா ஸ்க்ரூ முனை மறுபக்கம் மைக்காவ குத்திடும். அதனால துண்டுல ஒரு ஜாயிண்ட் போட்டுப் பாக்காம நல்ல பலகையில கை வெக்காதீங்க, இத நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

ஈரம். இதுதான் நம்ம எல்லைப் பக்கத்துக்கு பெரிய விசயம், ஜூன்ல இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை வரும், ஐப்பசியில மறுபடியும் மழை, தேங்காப்பட்டணம் மாதிரி கடலோரம்னா உப்புக் காத்து வேற. ஹால்ல வெக்கிற அலமாரிக்கு சாதாரண ஜிங்க் பூச்சு போதும். சிங்க் அடியில, பாத்ரூம் பக்கம், வராந்தாவுல வெக்கிற ஷூ ராக்குக்கு வெளி உபயோகத்துக்குன்னு கனமா பூச்சு போட்ட ஸ்க்ரூ இருக்கு, பாக்கெட் ஹோல் ஜிக் செய்யிற க்ரெக் கம்பெனி அத ப்ளூ கோட்னு விக்கிறாங்க. கடல் பக்கத்து வீடுன்னா யோசிக்காம ஸ்டெயின்லெஸ். ஆனா ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் கடினம் கம்மியான உலோகம், வேகமா முறுக்கினா ஒடிஞ்சிடும், அதனால ட்ரில்லுல முறுக்குற பலத்த கட்டுப்படுத்துற கிளட்ச கம்மியா வெச்சு மெதுவா எறக்குங்க. தேக்குல சாதா இரும்பு போட்டு ஈரம் பட்டா ஸ்க்ரூவ சுத்தி கறுப்பா கறை எறங்கும், அது இழைச்சாலும் லேசுல போகாது. அப்புறம் கடின மரத்துல எறக்க சிலர் சோப்பு தடவுவாங்க, வேண்டாம், சோப்பு ஈரத்த இழுத்து துரு பிடிக்க வைக்கும், மெழுகுவர்த்தி போதும்.

பிட்டு பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், தலையில சதுரக் குழி இருக்குற ஸ்க்ரூவும் அதுக்கு ஏத்த பிட்டும் வாங்குங்க. கனடாக்காரரு ராபர்ட்சன் 1908லயே கொண்டு வந்த வடிவம் அது, சாய்வான தொளைக்குள்ள நீட்டு பிட்டு வெச்சு முறுக்கும்போது ப்ளஸ் மாதிரி இருக்குற ஸ்டார் குழி வழுக்குற மாதிரி இது வழுக்காது.

ஒரு சாதாரண கிச்சனுக்கு 32 அகல மரை பெரிய டப்பா, டிராயருக்கு 25 அகல மரை சின்ன டப்பா, முன்னாடி ஃபிரேம் தேக்குலயோ அயனியிலயோன்னா 32 நெருக்க மரை ஒண்ணு, சிங்க் யூனிட்டுக்கு மட்டும் பூச்சு கனமானது ஒரு பாக்கெட். மார்த்தாண்டத்துல எல்லா கடையிலயும் இது கெடைக்காது, ஆன்லைன்ல எடுக்குறதா இருந்தா படத்துல தலையோட அடிப்பக்கம் தெரியுதான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.