அரை மதிப்பெண்ணும் ஓர் ஓட்டையும்

பள்ளியில் ஒரு கணக்குத் தேர்வில் எனக்கு அரை மதிப்பெண் போனது. (க² − 4) / (க − 2) என்பதைச் சுருக்கச் சொன்னார்கள். (மாறியை எக்ஸ் எக்ஸ் என்று எழுதிக்கொண்டே போனால் கண் வலிக்கும். இந்தப் பதிவு முழுக்க அது 'க'தான்.) தொகுதியை (க − 2)(க + 2) என்று பிரித்தேன், மேலும் கீழும் இருந்த க − 2 ஐ அடித்தேன், க + 2 என்று விடை எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் 'க ≠ 2 எங்கே?' என்று ஒரு கேள்வி. கஞ்சத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அடித்த பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

பதில் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. வரைபடம் வரைவதற்கு ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். பொழுதுபோக்குதான், யாரும் கேட்கவில்லை. முதலில் பல்லுறுப்புக் கோவைகளைக் கொடுத்துப் பார்த்தேன். அவை சாதுவான பிராணிகள். கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும்தான். மாறியின் அடுக்கு எல்லாம் குறையில்லா முழு எண்கள் (0, 1, 2, 3...). எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரு பதில் வரும். அதாவது மதிப்பகம் (மாறிக்குக் கொடுக்கக்கூடிய எண்கள்) மொத்த எண்கோடும்தான். கோட்டில் அறுந்த இடமும் இல்லை, கூர்முனையும் இல்லை.

நான் அதிக நேரம் விளையாடியது க³ − 3க + 2 உடன். படி (மிக உயர்ந்த அடுக்கு) 3, முதன்மைக் கெழு (அந்த அடுக்கின் முன் நிற்கும் எண்) 1, மாறிலி உறுப்பு (க ஒட்டாத எண்) 2. தொலைவில் போனால் மிக உயர்ந்த அடுக்கு உள்ள உறுப்பு மட்டுமே ஆட்சி செய்யும் என்பார்கள். க = 100 போட்டால் 9,99,702 வருகிறது. க³ மட்டும் என்றால் 10,00,000. மற்ற இரண்டு உறுப்பும் சேர்ந்து அசைத்தது வெறும் 298. அதனால் இடது கோடியில் கோடு பாதாளத்துக்கும் வலது கோடியில் வானத்துக்கும் போகிறது. ஒற்றைப்படைப் படி என்றால் இரு கோடியும் எதிரெதிர்த் திசைதான். எனவே நடுவில் எங்கோ ஓரிடத்திலாவது கிடைமட்ட அச்சை வெட்டியே தீர வேண்டும்.

எங்கே வெட்டும்? கெழுக்கள் முழு எண்கள், முதன்மைக் கெழு 1. ஆக, விகிதமுறு மூலம் (கோவையைப் பூச்சியமாக்கும் முழு எண் அல்லது பின்னம்) ஏதாவது இருந்தால் அது மாறிலியான 2 ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்கும்: 1, −1, 2, −2. நாலே நாலு பேர். 1 ஐப் போட்டேன், பூச்சியம். ஒரு எண்ணைப் போட்டுப் பூச்சியம் வந்தால், க இலிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி என்கிறது காரணித் தேற்றம்; அதன்படி க − 1 ஒரு காரணி. தொகுமுறை வகுத்தலில் (கெழுக்களை மட்டும் வைத்துப் போடும் சுருக்கு வகுத்தல்) இரண்டு வரி போட்டால் முழுதாகப் பிரிந்துவிடுகிறது: (க − 1)²(க + 2). மீதித் தேற்றமும் இதே வீட்டுப் பிள்ளைதான். க − 3 ஆல் வகுத்தால் மீதி என்ன என்று நீள வகுத்தல் போட வேண்டாம்; க = 3 போடு, 27 − 9 + 2 = 20, முடிந்தது.

இங்கே ஒரு அழகு. −2 இல் கோடு அச்சை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போகிறது. 1 இல் மட்டும் இறங்கி வந்து தொட்டுவிட்டு, வந்த பக்கமே திரும்புகிறது. காரணம் அந்த வர்க்கம். ஒரு காரணி இரட்டைப்படை முறை வந்தால் தொட்டுத் திரும்பும், ஒற்றைப்படை முறை வந்தால் கடந்து போகும். இது தெரிந்த பிறகு காரணிகளைப் பார்த்தே படத்தைக் கையால் கிறுக்கிவிடலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்டே 1637 இல் சொன்ன குறி விதியும் இதைக் கவனிக்கிறது. கெழுக்களின் குறி + − + என்று இரண்டு முறை மாறுவதால் மிகை மூலங்கள் (பூச்சியத்தைவிடப் பெரியவை) இரண்டு அல்லது ஒன்றுமில்லை. நம்மிடம் இருப்பது 1 மட்டும்தானே என்று குழம்பினேன். அதை இருமுறை எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சாதுக்கள் போதும் என்று விகிதமுறு சார்புக்கு, அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்ததற்கு, வந்தேன். கொடுத்தது (க² − க − 2) / (க² − 4). −5 இலிருந்து 5 வரை, கால் கால் அலகாக நகர்ந்து புள்ளி வைக்கச் சொன்னேன். −2 இல் புரோகிராம் நின்றது, பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று. நியாயம்தான், தாண்டிப் போகச் சொன்னேன். அடுத்து 2 இலும் நின்றது. அங்கேயும் தாண்டச் சொன்னேன். படம் வந்தது.

படத்தில் இரண்டு பொய் இருந்தது. −2.25 இல் மதிப்பு 5, −1.75 இல் −3. இரண்டு புள்ளியையும் புரோகிராம் சமர்த்தாகக் கோடு போட்டு இணைத்திருந்தது. உண்மையில் அங்கே கோடே கிடையாது. −2.01 இல் மதிப்பு 101, −1.99 இல் −99. ஒரு பக்கம் மேலே ஓடுகிறது, மறுபக்கம் கீழே ஓடுகிறது. நடுவில் நிற்பது செங்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது வரைபடம் நெருங்கிக்கொண்டே ஓடும் நிமிர்ந்த கோடு. இந்தப் பொய் உடனே கண்ணில் பட்டது.

மற்றது படவே இல்லை. 1.75 இல் 0.733, 2.25 இல் 0.765, நடுவில் ஒழுங்கான கோடு. பகுதியில் (க − 2)(க + 2), தொகுதியில் (க − 2)(க + 1). க − 2 ஐ அடித்தால் (க + 1) / (க + 2). அதில் 2 ஐப் போட்டால் 0.75. மூலச் சார்புக்கோ 2 என்பது விலக்கப்பட்ட மதிப்பு. கோடு 0.75 ஐ நோக்கி இரு பக்கமிருந்தும் வருகிறது, அந்த ஒரு புள்ளி மட்டும் இல்லை. ஓட்டை. அடித்த காரணி விட்டுப்போன தடம் அது. என் அரை மதிப்பெண் அங்கேதான் விழுந்து கிடந்தது.

தொலைத்தொடுகோடு பற்றி ஒரு சின்னப் புலம்பல். கிரேக்க மூலச் சொல்லுக்கு 'சேர்ந்து விழாதது' என்று பொருள். தமிழோ தொலைவில் தொடும் என்கிறது. நான் படித்த காலத்தில் 'தொடவே தொடாது' என்று மனப்பாடம் செய்தேன். கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டுக்கு அது தப்பு. க / (க² + 1) க்குப் பகுதியின் படி அதிகம் என்பதால் அச்சே தொலைத்தொடுகோடு; ஆனால் க = 0 இல் கோடு அந்த அச்சை நடு வீட்டில் வெட்டிக்கொண்டு போகிறது. தொலைவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான் அந்தச் சொல் பேசுகிறது. இரு படிகளும் சமம் என்றால் தொலைத்தொடுகோட்டின் உயரம் முதன்மைக் கெழுக்களின் விகிதம்; என் சார்புக்கு அது 1. தொகுதியின் படி ஒன்று கூடுதல் என்றால் வகுத்துப் பார்க்க வேண்டும்: (க² + 1) / (க − 1) என்பது க + 1, கூடவே 2 / (க − 1). அந்தப் பின்னம் தொலைவில் தேய்ந்துவிடும். மிஞ்சுவது க + 1 என்ற சாய்ந்த கோடு.

அப்புறம், புரோகிராமைத் திருத்தினேன். பகுதி பூச்சியமாகும் இடத்தில் கோட்டை முறிக்கும், ஓட்டை என்றால் ஒரு சின்ன வெற்று வட்டம் போடும். இப்போது ஒரே ஒரு குறை. படத்தைப் பெரிதாக்கினால் வட்டமும் கூடவே பெரிதாகிறது. ஒற்றைப் புள்ளிக்கு ஏது அளவு? இன்னும் சரிசெய்யவில்லை.